வரவேற்புப் பலகையில் அன்னபூரணிக் கப்பலுக்கு ஓர் இடம்

தொண்டைமானாற்றுப் பாலத்தைக் கடந்து கரையோர வீதியால் வல்வெட்டித்துறைக்கு வருபவர்களை, நகரசபையின் பலகை அன்புடன் வரவேற்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் எந்த ஊர் எல்லையிலும் காணக்கூடிய வாசகமே அது. பெயரை மாத்திரம் மாற்றினால் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் நாட்டிவிடலாம். எங்கள் ஊருக்கு மட்டுமே உரிய ஒரு வரி அதில் இடம்பெறவேண்டும் என்பது சிதம்பராக் கல்லூரியில் படித்த நாள்முதல் எனக்குள்ள ஆசை.

அந்த ஆசையை விதைத்தவர் எமது சரித்திர ஆசிரியர். வாஸ்கொடகாமாவின் பயணத்தைக் கற்பித்து முடித்த அன்று, அவர் பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு பாய்மரங்கள் கொண்ட கப்பலொன்றை வெண்கட்டியால் கரும்பலகையில் வரைந்தார். பலகைகளின் பொருத்துகளை ஒவ்வொன்றாகக் கோடிட்டுக் காட்டி, அப்பொருத்துகளில் நீர் புகாதபடி அடைக்கும் கலப்பற்று வேலையில் ஒரு விரற்கடை பிழைத்தாலும் நடுக்கடலில் என்ன நேரும் என்று விளக்கினார். பின்னர் அதன் கீழே 'அன்னபூரணி' என்று எழுதினார்.

எங்கள் கரையில், எங்கள் மேஸ்திரிமாரின் கைகளால், வேப்பமரத்தில் கட்டப்பட்ட 89 அடி நீளக் கப்பல் அது. அதனை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' எனப் பெயர் மாற்றினார். கப்பல் தலைவரான தம்பிப்பிள்ளைத் தண்டையலும் ஊர் மாலுமிகளும் அதனைச் செங்கடல், சுயெஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938 ஆகஸ்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்தனர். ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் சரக்கேற்றிப் போய்வந்தவர்களிடம் தலைமுறைகளாக இருந்த கடலறிவே அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுசென்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. கப்பற்கலையை மேற்குலகத்துக்கே உரியதாக எண்ணியிருந்த எங்கள் வகுப்பு அன்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

1971இல் பாக்குநீரிணையை இருவழியும் 51 மணித்தியாலங்களில் நீந்திக் கடந்த ஆழிக்குமரன் ஆனந்தனும் இம்மண்ணின் மைந்தரே. அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். எனினும் பலகையில் ஒரு வரிக்குத்தான் இடமுண்டு என்றால், கப்பலுக்கே என் வாக்கு. ஏனெனில் அது மரம் அறுத்தவர் முதல் பாய் தைத்தவர் வரை ஊரே சேர்ந்து உழைத்த சாதனை.

ஆகவே எமது சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். 'அத்திலாந்திக் கடந்த அன்னபூரணியை ஆக்கிய ஊர்' என்ற வரியையும், கப்பலின் படத்தையும், அதில் சென்ற மாலுமிகளின் பெயர்களையும் பலகையில் பொறிக்குமாறு நகரசபையிடம் எழுத்துமூலம் கேட்போம். செலவை நாமே ஏற்போம். அம்மாலுமிகளின் வழித்தோன்றல்கள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இம்மலரை வாசிப்பார்களாயின், பெயர்களைப் பிழையின்றிப் பொறிப்பதற்காகச் சங்கச் செயலாளருடன் தொடர்புகொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.