அடுத்த வண்டி எது?

பைக்கில் போய் விழுந்ததில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் வளைந்து, சேஸிஸும் முறுக்கிக்கொண்டதால் என் பழைய வண்டி இனி ரோட்டுக்கு வராது. ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேருக்குப் பதில் அந்த மதிப்பே கையில் வரும், அதுதான் இன்சூரன்ஸ் கணக்கு. அந்த ஐடிவி நாம் வாங்கிய விலை இல்லை. நான்கு வயதைத் தாண்டிய வண்டிக்குப் பாதி கழிந்துவிடும், கட்டிய சாலை வரியும் அதில் வராது, அதனால் வரும் பணத்தில் அதே மாடலைப் புதிதாக எடுக்கலாம் என்ற கனவே வேண்டாம். (புது வண்டிக்காரர்கள் பாலிசியில் பில் விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

சரி, அடுத்து என்ன? நண்பர்கள் ஒரே குரலில் ராயல் என்ஃபீல்டு ஹண்டர் 350 என்கிறார்கள். எனக்கும் ஆசைதான், ஆனால் 181 கிலோவை சென்னை ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் தள்ளித் திருப்ப என் முட்டி இன்னும் தயாராக இல்லை. அப்பாவின் ஓட்டு ஹோண்டா யூனிகார்னுக்கு. எடை சுமார் 140 கிலோ, மைலேஜும் நன்றாக வரும், ஆனால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் முன் சக்கரத்துக்கு மட்டும்தான். 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம் என்று 2019-ல் வந்த விதிக்கு ஒரு சேனலே, அதாவது ஒரு சக்கரத்துக்கு இருந்தாலே போதும். நான் விழுந்ததோ பின் சக்கரம் லாக் ஆகி, மணலில் வழுக்கி. அப்புறம் எப்படி மனசு வரும்?

அதனால் இப்போதைக்கு என் தேர்வு, இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உள்ள டூயல் சேனல் பஜாஜ் பல்சர் என்160. பார்க்க அவ்வளவு அழகில்லை, பரவாயில்லை. சனிக்கிழமை டெஸ்ட் ரைடு, அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.