எவர்சில்வரும் தோசைக்கல்லும்: முகலாய வீரனுக்குக் கவசம் தீட்டிய கதை

75 மில்லிமீட்டர் ரெசின் பொம்மை. மார்பு, முதுகு, இரண்டு விலா என நான்கு தகடுகள், உள்ளே இரும்பு வளையங்களைக் கோத்த வளையச் சட்டை. இந்தக் கவசத்துக்குப் பாரசீகத்தில் சஹார் ஆயினா என்று பெயர், அதாவது நான்கு கண்ணாடிகள். பெயரிலேயே கண்ணாடி இருக்கிறதே என்று நானும் கண்ணாடி மாதிரியே வெள்ளி பெயின்ட்டைப் பூசிவிட்டேன்.

அம்மா காபி கொண்டு வந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "என்னடா இது, எவர்சில்வர் சம்படம் மாதிரி?"

அதேதான். சரி, பளபளப்பைக் குறைப்போம் என்று மேலே மினுக்கமில்லாத மேட் வார்னிஷ் ஸ்பிரே செய்தேன். மும்பை மாட்டுங்காவில் ஜூலை மழை, பால்கனிக் கதவு வேறு திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் வீரன் மோரில் முக்கி எடுத்தது போல வெளுத்துப் போனான். காற்றின் ஈரம் வார்னிஷில் மாட்டிக்கொண்டால் இப்படித்தான் ஆகும். வெயில் நாளாக இருந்தாலும் பெரிதாகத் தேறியிருக்காது. மெட்டாலிக் பெயின்ட்டில் மினுங்குவது பொடிப்பொடித் தகடுகள். மேட் வார்னிஷ் ஒளியைச் சிதறடித்து அந்த மினுக்கத்தையே கொன்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து.

அடுத்த ஞாயிறு கிங்ஸ் சர்க்கிளில் ரயிலேறி, சிஎஸ்எம்டி நிலையத்தில் இறங்கி சத்ரபதி சிவாஜி அருங்காட்சியகத்துக்கு நடந்தேன். அக்பரின் கவசம் அங்கே இருக்கிறது, 1581ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் முன்னால் வெகுநேரம் நின்றதில் என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: எஃகில் பெரும்பகுதி இருட்டு. விளக்கு படும் இடத்தில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய் தடவிய தோசைக்கல்லை ஜன்னலோரம் சாய்த்து வைத்துப் பார்த்தேன். நடுவில் கருப்பு, விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடு. இதைத் தேடியா அருங்காட்சியகம் வரை போனேன்!

இந்த முறை அடியில் பளபளப்பான கருப்பு. அதன் மேல் கன்மெட்டல் என்ற கருஞ்சாம்பல் உலோக பெயின்ட், தண்ணீராக இரண்டு பூச்சு. வெளிச்சம் இடது மேற்புறத்திலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு, மார்புத் தகட்டின் மேல் வளைவில் மட்டும் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளி. அதை ஒட்டியே, கொஞ்சமும் குழைக்காமல், கருப்பு எண்ணெய் வண்ணம். தகட்டின் அடி விளிம்பில் பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு ஒரு இழை. தரையின் நிறம் உலோகத்தில் தெரியுமே, அதற்காக. இந்த இழைதான் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை சாம்பல் நிறமாக இருந்த தகடு சட்டென்று இரும்பாகிவிட்டது. எண்ணெய் வண்ணம் இந்த ஈரத்தில் காய நான்கு நாள் பிடித்தது, அது தனி எரிச்சல்.

வளையச் சட்டைக்கு அதிகம் மெனக்கெடவில்லை. கருப்பு அடித்து, கிட்டத்தட்டக் காய்ந்த பிரஷால் கன்மெட்டலை லேசாக உரசி, அப்புறம் 8பி பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். கிராஃபைட் வளையங்களின் முதுகில் மட்டும் ஒட்டுகிறது. பென்சிலுக்கு மேல் வார்னிஷ் கிடையாது, அடித்தால் மங்கிவிடும். அதனால் பொம்மையை இனி அடிக்கட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும்.

தகடுகளில் தங்கக் கொடி வேலை பாக்கி. 000 பிரஷால் இரண்டு தடவை போட்டும் கோடு தடித்துவிட்டது. துடைத்துவிட்டேன். அம்மா நேற்று பார்த்துவிட்டு, "துருப் பிடிச்சிடப் போறது, எண்ணெய் தடவி வை" என்றாள்.