காகிதத்தை விழுங்கிய டைல்

கான்கிரீட் தளத்துக்கு மேல் இரும்புக் கால்களை நிறுத்தி, அவற்றின் மேல் டைல் அடுக்கிப் போடுகிற தரைக்கு எங்கள் தொழிலில் ‘ஃபால்ஸ் ஃப்ளோர்’ என்று பெயர். பொய்த்தரை. பெயர்தான் இப்படி, கட்டடத்தின் மெய்யான கான்கிரீட் தளத்தைவிட ரசமட்டத்துக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவது இந்தப் பொய்த்தரைதான். கீழே ஓர் அங்குலம் ஏற்ற இறக்கம் இருந்தாலும், பெடஸ்டல் என்கிற இரும்புக் காலின் திருகைச் சுற்றினால் மேலே சமமாகிவிடும்.

பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக எழுந்த காலத்தில் உதவியாளாக இந்த வேலைக்கு வந்தேன். முதல் பாடம் நூல் பிடிப்பது. எந்த அறையின் மூலையும் சரியான செங்கோணமாக இருக்காது. சுவரை நம்பி முதல் வரிசையை வைத்தால் பத்தாவது வரிசையில் விரல் நுழையும் இடைவெளி விழும். அதனால் 3, 4, 5 அடி அளந்து குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டி, அதிலிருந்து 600 மில்லிமீட்டருக்கு ஒரு பெடஸ்டலாகப் பசை வைத்து நிறுத்துவோம். அதன் மேல் 600-க்கு 600 டைல். சிமெண்ட் நிரப்பிய இரும்பு டைல் ஏறக்குறைய 15 கிலோ இருக்கும். அதைத் தூக்க உறிஞ்சுகுமிழ் வைத்த கைப்பிடி உண்டு. அதற்குப் பொறுமையில்லாமல் ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஓரம் ஒருமுறை நசுங்கிவிட்டால் அந்த டைல் எந்தக் குழியிலும் ஒழுங்காக உட்காராது. மிதிக்கிறபோதெல்லாம் டொக் டொக் என்று காட்டிக்கொடுக்கும்.

பிறகு மேற்பார்வையாளனான காலத்தில், ஒரு மே மாதம், ஓர் அலுவலகத்தின் கணினி அறையிலிருந்து அழைப்பு வந்தது. சர்வர்கள் சூடேறி அணைகின்றன, இரண்டாவது குளிர்சாதன இயந்திரம் வாங்கி வைத்தும் பயனில்லை என்றார்கள். புது இயந்திரத்துக்கு அடியில் தரையை வலுப்படுத்தத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வேடிக்கை: அறையிலேயே அதிகச் சூடு, குளிர்சாதன இயந்திரத்துக்கு மிக அருகில் இருந்த ரேக்கில், அதாவது சர்வர்களை அடுக்கி வைக்கும் அலமாரியில்.

அங்கே இயந்திரங்கள் குளிர்காற்றைத் தரைக்கு அடியில் ஊதும். ரேக்குகளுக்கு முன்னால் போட்ட துளை டைல்கள் வழியாக அது மேலே வரவேண்டும். நான் ஒரு வெள்ளைத்தாளை அந்த ரேக்கின் முன்னிருந்த துளை டைல் மேல் பிடித்தேன். மேலே பறக்க வேண்டிய தாள் டைலோடு ஒட்டிக்கொண்டது. இயந்திரத்தின் வாயருகே காற்று அவ்வளவு வேகமாக ஓடுகிறது. ஓடுகிற வேகத்தில் அதன் அழுத்தம் இறங்கிவிடுகிறது. மேலே எழும்புவதற்குப் பதில் அறையின் வெப்பக்காற்றையும் துளை வழியே கீழே இழுக்கிறது. இரண்டாவது இயந்திரத்தைப் பக்கத்தில் வைத்து வேகத்தைக் கூட்டியதும் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. “சார், இந்தத் தாளைப் பாருங்கள்” என்று அந்த மேலாளரிடம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. புது இயந்திரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டைல்களைத் தூக்கியபோது மிச்சக் கதையும் தெரிந்தது. 300 மில்லிமீட்டர் உயரத்தில் பாதிக்கு மேல் கேபிள். ஒவ்வொரு முறை சர்வர் மாற்றும்போதும் புதுக் கேபிளை இழுத்திருக்கிறார்கள். பழையதை யாரும் எடுக்கவில்லை. எடுக்கப்போய் உயிருள்ள கேபிளைப் பிடுங்கிவிட்டால் யார் பதில் சொல்வது? அந்தப் பயம் நியாயமானதுதான், நானும் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் குறுக்கே கிடந்த அந்தக் கட்டு, வாய்க்காலில் போட்ட வரப்புபோல, தொலைவிலிருந்த ரேக்குகளுக்குக் காற்றை மறித்திருந்தது. ரேக்குகளுக்குப் பின்னால் கேபிளுக்காக வெட்டிய ஓட்டைகள் வேறு திறந்தே கிடந்தன. குளிர்காற்றில் கணிசமான பங்கு யாருக்கும் உதவாமல் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது.

இரண்டு சனிக்கிழமை இரவுகள் ஆயின. நெட்வொர்க் பையன் ஒவ்வொரு கேபிளாகச் சோதித்துச் சொல்லச் சொல்ல, செத்ததை மட்டும் உருவினோம். அவன் அவசரத்தில் ஒரு வரிசை முழுவதையும் திறக்கப் போனான். “தம்பி, ஒன்று விட்டு ஒன்றாக எடு” என்று தடுத்தேன். அங்கே கால்களைக் குறுக்கே பிணைக்கும் சட்டம் இல்லை. டைல்கள்தான் ஒன்றையொன்று தாங்கி நின்றன. வரிசையாக எடுத்தால் மிச்சத் தரை ரேக்குகளோடு சேர்ந்து சாயப் பார்க்கும். பின்பக்க ஓட்டைகளுக்குத் தூரிகை வைத்த மூடிகள் போட்டோம். துளை டைல்களை இயந்திரத்திலிருந்து நாலைந்து டைல் தள்ளி வைத்தோம். அதிகம் சூடேறும் சர்வர்கள் நடுவரிசைக்குப் போயின. திங்கட்கிழமை தாளைப் பிடித்தபோது அது படபடத்து மேலே எழுந்தது. புது இயந்திரத்தை அணைத்து வைத்தார்கள். அணைத்து வைத்ததை மேலிடத்தில் சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இப்போது கேபிளைத் தலைக்கு மேல் தட்டுகளில் கொண்டுபோகிறார்கள். குளிரூட்டியை ரேக்குகளுக்கு இடையிலேயே வைக்கிறார்கள். பொய்த்தரை இல்லாத அறைகள் பெருகிவிட்டன. போன வருடம் நாங்களே போட்ட ஒரு தரையைக் கழற்றும் வேலை கிடைத்தது. டைல்கள் எடைக்குப் போயின. கான்கிரீட்டில் 600 மில்லிமீட்டருக்கு ஒன்றாகப் பசை வட்டங்கள் மட்டும் மிஞ்சின. அவற்றைச் சுரண்டுவது ஒப்பந்தத்தில் இல்லை என்று வாதாடிப் பார்த்தேன். தோற்றேன். நாலு நாள் சுரண்டினோம்.