வோவிச் நகரத்து வரிப்பாவாடைகள்

வார்சாவுக்கு மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வோவிச் என்ற சிறு நகரத்துக்கு, ஈஸ்டருக்கு 60 நாட்கள் கழித்து வரும் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழா நாளன்று சென்றிருந்தேன். போலந்தின் மரபுடை என்றாலே கிராகோவ் ஆடவரின் மயிற்பீலி செருகிய சிவப்புத் தொப்பியும், பெண்களின் சரிகைமணி பதித்த கச்சும்தான் கடைகளில் கண்ணில் படுகின்றன. கைத்தறிக்காரர் பேத்தியான எனக்கோ வோவிச்சின் வரித்துணியைப் பார்த்தாக வேண்டியிருந்தது.

பேராலயத்திலிருந்து நற்கருணைப் பவனி புறப்பட்டபோது, பழைய சந்தைச் சதுக்கம் முழுவதும் ஆரஞ்சு, பச்சை, ஊதா வரிகளால் நிறைந்தது. சிறுமியர் கூடையிலிருந்து மலரிதழ்களைத் தூவி முன்னே செல்ல, பூத்தையல் நிறைந்த வெல்வெட் கச்சும் பவழ மாலையும் அணிந்த பெண்கள் கொடிகளையும் திருவுருவங்களையும் ஏந்திப் பின்தொடர்ந்தனர். ஆடவரின் காற்சட்டைகளிலும் அதே வரிகள். படங்களில் பார்த்தபோது அதை மெல்லிய பருத்தி என்றே எண்ணியிருந்தேன். ஒரு மூதாட்டி சிரித்தபடி தம் பாவாடை விளிம்பை என் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது: அது இறுக்கமாக நெய்த கம்பளி, ஒரு கையால் தூக்க மணிக்கட்டு வலிக்கும். ஜூன் வெயிலில் அதை உடுத்தி நடப்பதற்குப் பக்தி மட்டும் போதாது.

நகர அருங்காட்சியகத்தில் பழைய பாவாடைகளை வரிசையாகப் பார்க்கையில், சிவப்பும் ஆரஞ்சும் ஓங்கியிருந்த நிலை மாறி, பின்னாளில் பச்சையும் நீலமும் மேலெழுவதைக் காணலாம். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெரிய கத்தரியால் வெட்டிய வண்ணக் காகிதச் சேவல்களும் அங்கே உண்டு.

மாலையில் ஒபெரெக் ஆடினார்கள். மூன்றடித் தாளத்தில் ஓடும் இந்த விரைவு நடனத்தின் பெயரே 'சுழலுதல்' என்ற சொல்லிலிருந்து வந்தது. மசூர், குயாவியாக் ஆகிய பிற போலந்து நடனங்களோடு இதன் துள்ளலும் இசையமைப்பாளர் ஷோபானின் மசூர்க்கா என்னும் பியானோ இசைகளில் கேட்கும். அவர் 1810-இல் பிறந்த ஜெலாஸோவா வோலா, வார்சாவுக்கும் இவ்வூருக்கும் இடையில்தான் இருக்கிறது. இணைகள் தம்மைத் தாமே சுற்றிக்கொண்டு வட்டத்தையும் சுற்றிவர, காலையில் கனமாகத் தொங்கிய அந்தக் கம்பளி குடைபோல விரிந்தது. வரிகள் கரைந்து ஒரே வண்ண வளையமாயின. இசை நின்றதும் பெண்கள் நின்றுவிட்டார்கள். பாவாடைகள் மட்டும் தம் கனத்தால் இன்னும் அரைச்சுற்றுப் போய், கால்களைத் தழுவித் திரும்பின.