குழுவில் கேட்டால் வராது, போனில் கேளுங்கள்

படித்து முடித்து 15, 20 வருடம் ஆன எம்.பி.ஏ. வகுப்பில், யார் எங்கே இருக்கிறார்கள் என்று திரட்டி, எல்லாருக்கும் அனுப்ப ஒரு செய்தித் தாள் தயாரிக்கும் வேலை கடைசியில் புதுச்சேரியிலோ கடலூரிலோ தங்கிவிட்டவர் தலையில்தான் விழும். "நீ ஊர்லதானே இருக்க, நீயே பாத்துக்கப்பா" என்று முடிவாகிவிடும். அவரும் வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் அப்டேட் போடுங்க" என்று ஒரு வரி தட்டுவார். நாலு பதவி உயர்வும் ஏகப்பட்ட கைத்தட்டல் பொம்மைகளும் வரும். வேலை போனவரும், அப்பாவின் முந்திரி வியாபாரத்தைப் பார்க்கப் பண்ருட்டிக்குத் திரும்பியவரும் அங்கே வாயே திறக்க மாட்டார்கள். பட்டியலில் பாதி வகுப்பு காணாமல் போவது இப்படித்தான்.

தனித்தனியாகப் பேசுவதைத் தவிர வழியில்லை. 60 பேருக்கு ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலும் பத்து மணி நேரம் ஆகும். எடுக்காத போன்களையும் சேர்த்தால் அதற்கு மேலேயே போகும். இதற்கு ஜூலைதான் தோதான மாதம். மார்ச் கடைசியில் வங்கிக்காரர்களைப் பிடிக்க முடியாது. ஜூனில் பள்ளிக்கூட அலைச்சல். ஜூலைக்குள் பல கம்பெனிகளில் அப்ரைசல் கடிதம் கைக்கு வந்துவிடுவதால், புதுப் பதவி "வரும்போல" என்ற நிலையைத் தாண்டியிருக்கும். வரி ஆலோசகர்களை மட்டும் முதல் வாரத்திலேயே பிடித்துவிட வேண்டும். 31ஆம் தேதி கணக்குத் தாக்கல் கெடு நெருங்கினால் பேச மாட்டார்கள். நியூ ஜெர்சிக்காரருக்கு நம் காலை 7 மணி சரி, அங்கே முந்தின இரவு 9.30. சிங்கப்பூருக்கு நம் மாலை 6 மணிக்கு மேல் கூப்பிட்டால் கொட்டாவிதான் பதில்.

பழைய எண்களை நம்பக் கூடாது. 90 நாள் பயன்பாடு இல்லாத ப்ரீபெய்ட் எண்ணை கம்பெனி திரும்ப எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வளைகுடா போனவர்களின் ஊர் எண் பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. அதனால் தொகுப்பவர் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ளும் எக்ஸெல் பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில், கடைசியாகச் சரிபார்த்த தேதிக்கு ஒரு பத்தி வேண்டும். பெயருக்கு இரண்டு பத்தி: படித்தபோது இருந்த இனிஷியல், இப்போதைய இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இனிஷியலுக்கு மாறிய தோழியைப் பழைய பதிவில் தேடினால் கிடைக்க மாட்டார். ஒரே வகுப்பில் மூன்று செந்தில்குமார் இருந்தால் நெய்வேலி செந்தில், திண்டிவனம் செந்தில் என்று ஊரையும் சேர்த்துப் போடுவதே மேல்.

பதவிப் பெயர் இன்னொரு வம்பு. வெளிநாட்டு வங்கியில் வைஸ் பிரசிடென்ட் என்பது நடுமட்டப் பொறுப்பாக இருக்கலாம். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் பொது மேலாளர் என்றால் ஒரு பெரிய பிரிவே அவர் கையில். பட்டத்தை மட்டும் போட்டால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். என்ன வேலை, எத்தனை பேர் கீழே, எந்த ஊர் என்று எழுதினால் குழப்பமில்லை. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற அந்த நிறுவனத்தின் பெயர் 2016இல் என்.எல்.சி. இந்தியா என்று மாறியது. பழைய குறிப்பையும் புதியதையும் அடுத்தடுத்துப் பார்த்து "கம்பெனி மாறிவிட்டார்" என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

வீட்டு விஷயத்தில் "குழந்தைங்க எத்தனை?" என்று ஆரம்பிக்கவே கூடாது. "வீட்டுச் செய்தி எதாவது போடலாமா?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். மணமுறிவு, நோய் பற்றிய செய்தி மூன்றாம் ஆள் வாயிலிருந்து வந்தால் தாளில் ஏறக் கூடாது. வேலையை விட்ட பெண்களைப் பார்த்த மாத்திரத்தில் "ஹவுஸ்வைஃப்" என்று முடித்துவிடுவது சோம்பேறித்தனம். கணவரின் சிப்காட் ஒப்பந்தத் தொழிலுக்கு ஜி.எஸ்.டி. கணக்கும் சம்பளப் பட்டியலும் அவர்தான் பார்ப்பார். கேட்டால் சொல்வார், அதை வேலை என்றே எழுதலாம்.

ஒருவருக்கு 50 சொல் போதும். எழுதியதை அவருக்கே அனுப்பி, "சரி" வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். பதில் இல்லையென்றால் பெயரும் ஊரும் மட்டும். பிள்ளைகளின் பள்ளிப் பெயர், போன் எண், வீட்டு முகவரி எதுவும் வேண்டாம். எம்.பி.ஏ. படித்தவர்கள் கையில் எண்களோடு பட்டியல் கிடைத்தால் அடுத்த வாரமே இன்சூரன்ஸ் போன் வரும்! இறந்தவர் செய்தியை வீட்டாரிடம் உறுதி செய்துகொண்டு, தாளின் தலைப்பிலேயே தனியாகப் போட வேண்டும். இரண்டு பதவி உயர்வுகளுக்கு நடுவே அது வரக் கூடாது.

தாள் ஆகஸ்டில் வந்தால் சந்திப்பையும் அதோடு வைத்துக்கொள்ளலாம். தேதியில்தான் இடிக்கும். ஆகஸ்ட் 16 புதுச்சேரியில் சட்டபூர்வ இணைப்பு நாள் விடுமுறை, 1962இல் அது சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததன் நினைவாக. கடலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான், ஆனால் தமிழ்நாடு. அங்கே அன்று ஆபீஸ் உண்டு. 15ஆம் தேதி மதியம் என்று வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஒத்துவரும். சுதந்திர தினத்தை ஒட்டி புதுச்சேரியில் சுற்றுலாக் கூட்டம் நெரியும் என்பதால், வெளியூர்க்காரர்களுக்கான அறையை ஜூலையில் போன் பேசும்போதே கேட்டுப் பதிவு செய்துவிட வேண்டும்.