வி அண்ட் ஏ-வில் விளக்கு எரியும் பத்து நிமிடம்

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் (வி அண்ட் ஏ) மியூசியத்தை ஒரே நாளில் பார்த்து முடிக்க நினைக்காதீர்கள். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட். ஒரு தடவைக்கு இரண்டு கூடம் தாராளம். சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதை இருப்பதால் மழை பெய்தாலும் கவலையில்லை.

முதலில் 42-ஆம் அறைக்குப் போங்கள். நடுவில் கண்ணாடிக்குள் விரித்திருப்பது ஈரானின் அர்தபில் கம்பளம். நீளம் பத்தரை மீட்டர், அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்பதால் ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் 10 நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். காலை 10 மணிக்குக் கதவு திறந்ததும் ஓடினாலும் முதல் வெளிச்சத்தில் பாதி போய்விடும். 10.30-ஐக் குறிவையுங்கள். ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றால் கண் மங்கலுக்குப் பழகியிருக்கும்.

விளக்கு எரிந்ததும் கம்பளத்தின் நடுவிலுள்ள பதக்க வடிவத்தின் இருபுறமும் தொங்குவதுபோல் நெய்திருக்கும் இரண்டு தீபங்களைப் பாருங்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. சிறிய தீபத்தின் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அளவாகத் தெரியவே இப்படி நெய்தார்கள் என்பது ஒரு கருத்து. பிறகு ஒரு முனையில் உள்ள சிறு கட்டத்துக்கு வாருங்கள். மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 என்ற ஆண்டும் அதில் நெய்யப்பட்டிருக்கின்றன. நம் கணக்கில் 1539-40. ஓரத்தையும் விடாதீர்கள். கிழிசலைச் சரிசெய்ய இதன் ஜோடிக் கம்பளத்தையே வெட்டிச் சேர்த்தார்கள். அந்த ஜோடியில் மிஞ்சியது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கிறது. எனக்கு இது இன்னும் ஆறாத வருத்தம்.

அடுத்து 46-ஆம் எண் வார்ப்புக் கூடங்கள்; புகழ்பெற்ற சிற்பங்களை அச்செடுத்து வார்த்த நகல்கள் இருக்கும் இடம். ரோமானியப் பேரரசர் டிராஜனின் வெற்றியைச் சிற்பங்களாகச் சொல்லும் ரோமின் டிராஜன் தூண், பிளாஸ்டர் நகலாக இரண்டு துண்டுகளில் நிற்கிறது. முழுசாக நிறுத்தக் கூரை உயரம் போதாது. அதுவே நமக்கு லாபம்: ரோமில் அண்ணாந்தாலும் பிடிபடாத மேல்பாதிச் சிற்பங்கள் இங்கே தரைக்கு அருகில் இறங்கி வந்திருக்கின்றன. மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நகலின் பீடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்; அரச குடும்பத்துப் பெண்கள் வரும்போது நிர்வாணத்தை மறைக்கச் சிலைக்கு மாட்டிய பிளாஸ்டர் அத்தியிலை அங்கே தனியாக இருக்கிறது.

துணி, நகை என ஒரே பொருளை நிதானமாக ஆராய்பவர்கள், 2025-இல் கிழக்கு லண்டனில் திறந்த வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ் என்ற மியூசியத்தின் சேமிப்புக் கிடங்குக்குப் போக வேண்டும். இணையப் பட்டியலில் ஐந்து பொருள் வரை தேர்ந்தெடுத்து, குறைந்தது இரண்டு வாரம் முன்பே பதிவு செய்தால் எடுத்து வைத்திருப்பார்கள். குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள்.