பரிசு ஒருத்தருக்கு, உழைப்பு ரெண்டு பேரோடது

அக்டோபர் வந்தா போதும், இலக்கிய நோபல் யாருக்குன்னு ஆளாளுக்கு ஆரூடம் சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. ஜப்பானிய எழுத்தாளர் முரகாமிக்கு இந்த வருஷமும் இல்லையான்னு ஒரு கூட்டம் புலம்பும், பேர் வந்த அஞ்சாவது நிமிஷம் "நான் இவரை எப்பவோ படிச்சாச்சு"ன்னு இன்னொரு கூட்டம் கிளம்பும். எனக்கு அந்த ஆட்டத்துல ஆர்வமே போயிடுச்சு. இப்பல்லாம் பரிசு செய்தி வந்தா நான் முதல்ல தேடுறது, மொழிபெயர்த்தது யாருங்கிற பேரைத்தான்.

யோசிச்சுப் பாருங்க, இந்தப் பரிசை முடிவு பண்ற ஸ்வீடிஷ் அகாடமில மொத்தமே 18 இருக்கை. அதுல உக்காந்திருக்கிறவங்க உலகத்துல இருக்கிற எல்லா மொழியையும் நேரா படிச்சா முடிவு பண்றாங்க? 1913ல தாகூருக்குக் கொடுத்தாங்களே, அதுக்கு ஆதாரமா இருந்தது அவரே இங்கிலீஷுக்குக் கொண்டுவந்து 1912ல லண்டன்ல வெளியான கீதாஞ்சலி. அதுல இருக்கிற 103 கவிதைல பாதி மாதிரிதான் வங்காள கீதாஞ்சலில இருந்து எடுத்தது, மிச்சமெல்லாம் அவரோட வேற தொகுப்புகள்ல இருந்து வந்தது. அதாவது தாகூரே தாகூருக்கு மொழிபெயர்ப்பாளர். அப்படி ஒரு வசதி எல்லாருக்கும் வாய்க்குமா என்ன.

நோபல் பணம் 1 கோடியே 10 லட்சம் ஸ்வீடிஷ் குரோனர், முழுசும் எழுத்தாளருக்கே. இது ஒரு புத்தகத்துக்குக் கொடுக்கிற பரிசு இல்ல, மொத்த எழுத்துக்கும் கொடுக்கிறது, ஒருத்தரை முப்பது மொழில முப்பது பேர் மொழிபெயர்த்திருப்பாங்க, யாருக்குன்னு பிரிச்சுக் கொடுக்கிறது. சரி, அந்த நியாயம் புரியுது.

இதுலதான் இன்டர்நேஷனல் புக்கர் எனக்குப் பிடிச்சது. 2005ல ஆரம்பிச்சப்ப அதுவும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை மொத்த எழுத்துக்கும் கொடுக்கிற பரிசாத்தான் இருந்துச்சு, 2016ல இருந்து வருஷாவருஷம், இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வந்த ஒரே ஒரு புத்தகத்துக்குன்னு மாத்துனாங்க. 50,000 பவுண்டு, எழுத்தாளருக்குப் பாதி, மொழிபெயர்ப்பாளருக்குப் பாதி. மேடையில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க. மாத்துன முதல் வருஷமே ஜெயிச்சது கொரிய எழுத்தாளர் ஹான் காங், கூடவே அவரை மொழிபெயர்த்த டெபோரா ஸ்மித். அவங்க ஜெயிச்ச நாவல் கொரியன்ல வந்தது 2007ல. ஸ்மித் கொரியன் படிக்க ஆரம்பிச்சதே 2010 வாக்குலதான், அதனால தப்பா மொழிபெயர்த்திருக்காங்க, அழகுபடுத்திட்டாங்கன்னு அப்புறம் பெரிய சண்டையே நடந்துச்சு. அந்தச் சண்டைல ரெண்டு பக்கமும் விஷயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஸ்மித் மொழிபெயர்ப்போட மட்டும் நிக்கல, பரிசுக்கு முன்னாடி 2015லயே டில்டட் ஆக்ஸிஸ்னு ஒரு சின்ன பதிப்பகம் தொடங்கியிருந்தாங்க, 2022ல கீதாஞ்சலி ஸ்ரீயும் டெய்ஸி ராக்வெல்லும் ஜெயிச்ச இந்தி நாவலை பிரிட்டன்ல போட்டது அந்தப் பதிப்பகம்தான். ஹான் காங்குக்கு 2024ல நோபலும் வந்துடுச்சு.

இதைவிட பெரிய கதை மொழிபெயர்ப்பாளர் ஜெனிஃபர் கிராஃப்டோடது. போலந்து எழுத்தாளர் ஓல்கா தோகார்ச்சுக்கோட நாவல் போலிஷ்ல 2007ல வருது. கிராஃப்ட் அதை எடுத்துக்கிட்டு இங்கிலீஷ்ல போட ஆள் தேடி பத்து வருஷம் கிட்ட அலைஞ்சிருக்காங்க, 2017ல புத்தகம் வருது, 2018ல இன்டர்நேஷனல் புக்கர். அடுத்த வருஷமே தோகார்ச்சுக்குக்கு நோபல், 2018க்கான பரிசை அகாடமில நடந்த கலாட்டாவால தள்ளிவச்சு 2019ல கொடுத்தாங்களே, அது. இவ்வளவுக்கும் அப்புறம் 2021ல கிராஃப்ட் என்ன சொல்ல வேண்டியிருந்துச்சுன்னா, இனிமே அட்டையில என் பேர் போடாம நான் மொழிபெயர்க்க மாட்டேன்னு. மார்க் ஹேடன்ங்கிற நாவலாசிரியரோட சேர்ந்து ஒரு பொதுக் கடிதமும் போட்டாங்க, நிறைய எழுத்தாளர்கள் அதுல கையெழுத்துப் போட்டாங்க. பரிசு வாங்குன ஆளே இப்படிக் கேட்டு வாங்க வேண்டியிருக்குன்னா மத்தவங்க நிலைமைய நீங்களே பாத்துக்கோங்க.

நாமளும் ஒண்ணும் சளைச்சவங்க இல்ல. 2023ல பெருமாள்முருகன் நாவல் இன்டர்நேஷனல் புக்கர் நெடும்பட்டியல்ல வந்துச்சு, தமிழ்ல இருந்து போன முதல் புத்தகம், எல்லாரும் கொண்டாடுனோம். அதை இங்கிலீஷ்ல கொண்டுபோன அனிருத்தன் வாசுதேவன் பேரை எத்தனை பேர் பதிவுல பாத்தீங்க? 2025ல பானு முஷ்தாக் கன்னடச் சிறுகதைகளுக்கு அதே பரிசை வாங்குனப்ப பரவாயில்ல, மொழிபெயர்த்த தீபா பாஸ்தி பேரும் கூடவே அடிபட்டுச்சு. சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைச்சது அதுதான் முதல்தடவை, அதனால ரெண்டு பேர் பேட்டியும் நிறைய வந்துச்சு.

இன்னொண்ணு மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. வெளிநாட்டு நாவல் தமிழுக்கு வர்றது பெரும்பாலும் இங்கிலீஷ் வழியாத்தான். கொரியன்ல ஒருத்தர் எழுதுறாங்க, இங்கிலீஷ்ல ஒருத்தர் மறுபடி எழுதுறாங்க, அதை வச்சு தமிழ்ல இன்னொருத்தர். தமிழ் அட்டையில தமிழ் மொழிபெயர்ப்பாளர் பேர் பெரும்பாலும் இருக்கும், நல்ல பழக்கம். நடுவுல இருக்கிற அந்த இங்கிலீஷ் ஆள் மட்டும் பல நேரம் உள்பக்கத்துல பொடி எழுத்துல கிடப்பாரு, சிலதுல அதுவும் கிடையாது. அவர் பேரையும் முன்னாடி போட்டா என்ன? பதிப்பகத்துல வேலை பாக்குறவங்க யாராவது இருந்தா கமென்ட்ல சொல்லுங்க, உரிமை ஒப்பந்தத்துல அதுக்கு ஏதாவது விதி இருக்கா?